எல்.எல்.எம்.: குதிரைச் சட்டமா, கப்பல் சட்டமா?

ஒரு சரக்குக் கப்பல் வெள்ளிக்கிழமை பிற்பகல் நாலு மணிக்குத் துறைமுகத்துக்கு வந்து சேர்கிறது. 'கப்பல் தயார், சரக்கை இறக்கலாம்' என்று கேப்டன் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்துவிடுகிறார். கப்பலை வாடகைக்கு எடுத்தவர் சரக்கை இறக்கி முடிக்க ஒப்பந்தப்படி 72 மணி நேரம். ஞாயிறும் விடுமுறை நாட்களும் அந்தக் கணக்கில் சேராது. அந்த 72 மணி நேரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது?

சட்டம் படித்த யாரும் அந்த ஒப்பந்தத்தை வாசித்துவிடலாம். விடை மட்டும் சட்டென்று கிடைக்காது. இந்தத் தொழிலில் பரவலாகப் புழங்கும் ஜென்கான் 1994 என்ற மாதிரி ஒப்பந்தத்தில், அறிவிப்பு பகல் 12 மணிக்குள் வந்தால் அன்றே 1 மணிக்குக் கடிகாரம் ஓடத் தொடங்கும். 12-ஐத் தாண்டி, அலுவலக நேரத்துக்குள் வந்தால் அடுத்த வேலை நாள் காலை 6 மணிக்குத்தான். சரி, அந்தத் துறைமுகத்தில் சனிக்கிழமை வேலை நாளா? ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்காமல் சரக்கை இறக்கினால் அந்த நேரம் சேருமா? கப்பல் நிற்பது பெர்த்திலா (சரக்கு இறக்கும் மேடையை ஒட்டியா), வெளியே நங்கூரம் போட்டா? வெளியே நின்றால் அதை 'வந்து சேர்ந்த கப்பல்' என்று சொல்ல முடியுமா? (இந்தக் கடைசிக் கேள்விக்காகவே, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 1973-ல் தீர்ப்பு வாங்கிய கப்பல் ஒன்று உண்டு: யோஹன்னா ஓல்டன்டார்ஃப்.) கொடுத்த நேரம் தீர்ந்துவிட்டால் அப்புறம் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறும். அதற்கு ஞாயிறு கிடையாது, விடுமுறை கிடையாது. ஒரு தடவை டெமரேஜில் விழுந்தால் விழுந்ததுதான் என்பது அந்தத் தொழிலில் பழமொழி மாதிரி.

எல்.எல்.பி. படிப்பில் இந்தக் கணக்குப் பக்கம் பெரும்பாலும் யாரும் போவதில்லை. கடல்சார் சட்டத்தில் எல்.எல்.எம். என்கிற முதுநிலைப் பட்டம் எடுத்தவர்கள் இதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருப்பார்கள். தனித்துறை எல்.எல்.எம். எதற்கு என்று கேட்டால் நான் இந்தக் கப்பலைத்தான் காட்டுவேன். ஆனால் எல்லாத் துறைக்கும் இப்படி ஒரு கப்பல் இருக்கிறதா என்று பார்க்காமலே பட்டத்தின் பெயரை வைத்து விண்ணப்பம் போடுகிறவர்கள்தான் அதிகம்.

பெயரை நம்பக் கூடாது என்பதற்குப் பட்டத்தின் வரலாறே சாட்சி. எல்.எல்.எம். என்பது லத்தீனில் லெகும் மஜிஸ்டர். 'சட்டங்கள்' என்று பன்மையில் வருவதால் அந்த எல் இரட்டிக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் பி.சி.எல். (பேச்சலர் ஆஃப் சிவில் லா) என்று ஒன்று கொடுக்கிறார்கள். பெயரில் இளநிலை, நிஜத்தில் முதுநிலை. ஐரோப்பாவின் சிவில் சட்ட மரபில் (தொகுத்து எழுதிய சட்ட நூல்களை முதன்மையாகக் கொண்ட மரபு) படித்துவிட்டு அங்கே வருகிறவர்களுக்கு அதற்கு இணையான படிப்புதான், பட்டம் மட்டும் எம்.ஜூர். என்று வேறு. பிரிட்டனில் முதுநிலைப் பட்டத்துக்கு 180 கிரெடிட், ஐரோப்பாவில் பல இடங்களில் 60, அமெரிக்காவில் பெரும்பாலும் 24-ஐ ஒட்டி. எண்கள்தான் வேறு, எல்லாம் கிட்டத்தட்ட ஒரு வருடப் படிப்பு. இந்தியாவில் இரண்டு வருட எல்.எல்.எம்.மும் உண்டு, ஒரு வருடமும் உண்டு.

தனித்துறை என்ற பேச்சு வரும்போது இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. சில இடங்களில் படிப்பு முழுவதுமே ஒரே துறை. சேருகிற எல்லோரும் ஒரே பாடங்களைத்தான் படிப்பார்கள். வேறு பல பல்கலைக்கழகங்களில், குறிப்பாக பிரிட்டனில், பொது எல்.எல்.எம். மாணவரும் தனித்துறை எல்.எல்.எம். மாணவரும் ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம், ஒரே பாடத்தைத்தான் படிக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட பட்டியலிலிருந்து இத்தனை பாடம் எடுத்து, ஆய்வேட்டையும் அதே துறையில் எழுதினால் சான்றிதழில் துறையின் பெயர் ஏறும். எடுக்காவிட்டால் ஏறாது. வித்தியாசம் அவ்வளவுதான். இது தெரிந்தால் பாதி மனப்போராட்டம் குறைந்துவிடும்: பொது எல்.எல்.எம்.மில் சேர்ந்து, முதல் சில வாரங்கள் வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் துறையைத் தீர்மானிக்கிற வசதி பல இடங்களில் இருக்கிறது.

இனி குதிரைக்கு வருவோம். 1990-களின் நடுவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இணையவெளிச் சட்டம் பற்றி ஒரு மாநாடு. பேச வந்த அமெரிக்க நீதிபதி ஃபிராங்க் ஈஸ்டர்புரூக், கூடியிருந்தவர்களின் முகத்துக்கு நேராகவே அப்படி ஒரு பாடம் தேவையில்லை என்றார். அவர் காட்டிய உதாரணம்தான் குதிரை. குதிரை விற்பனையில் வழக்கு வரும், குதிரை உதைத்து வழக்கு வரும், பந்தயத்துக்கு உரிமம், கால்நடை மருத்துவரின் கவனக்குறைவு என்று எத்தனையோ வரும். இதையெல்லாம் திரட்டி 'குதிரைச் சட்டம்' என்று ஒரு பாடம் வைத்தால் அது மேலோட்டமாகத்தான் இருக்கும். ஒப்பந்தச் சட்டமும் தீங்கியல் சட்டமும் (ஒருவர் இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம்) ஒழுங்காகத் தெரிந்தவனுக்கு குதிரை வழக்கு தானாகக் கைவரும் என்பது அவர் வாதம். 1999-ல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெஸ்ஸிக் இதற்கு பதில் எழுதினார். இணையத்தில் மென்பொருளின் வடிவமைப்பே சட்டம் மாதிரி மனிதர்களைக் கட்டுப்படுத்துகிறது, அதைப் படித்தால் சட்டம் என்றால் என்ன என்பதைப் பற்றியே புதிதாக ஒன்று தெரியவரும் என்றார்.

இருவரில் யார் சரி என்று இன்றும் வாதாடலாம். எல்.எல்.எம். தேர்வு செய்கிறவருக்கு அந்த வாதத்தைவிட அந்தக் குதிரைதான் உபயோகம். எந்தத் துறையின் பெயரைப் பார்த்தாலும் கேட்டுப் பாருங்கள்: இந்தத் துறைக்கென்று தனி உடன்படிக்கை, தனி ஆவணம், தனி மன்றம், தனிக் கணக்கு உண்டா? அல்லது நாலு பழைய சட்டங்களை ஒரு புதுப் பொருளின் பெயரில் கட்டி வைத்திருக்கிறார்களா?

இந்த உரைகல்லில் வரிச் சட்டம் அட்டகாசமாகத் தேறும். அமெரிக்காவில் சட்டப் படிப்பை முடித்தவர்கள் மறுபடி எல்.எல்.எம். படிக்கப் போவது அபூர்வம். வரிச் சட்டம்தான் விதிவிலக்கு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வரிச் சட்டப் படிப்பு 1945-லிருந்து நடக்கிறது. பன்னாட்டு வரியை எடுத்துக்கொண்டால், ஒரு நாட்டு நிறுவனத்தின் ஊழியர் இன்னொரு நாட்டில் தன் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தால், அந்த வீடு நிறுவனத்தின் 'நிரந்தர நிலையம்' ஆகுமா என்பது சாதாரணமாக வருகிற கேள்வி. ஆகும் என்றால் அந்த நாடு நிறுவனத்தின் லாபத்தில் வரி கேட்கும். விடைக்கு ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) வகுத்த மாதிரி வரி உடன்படிக்கையின் 5-ஆவது பிரிவு, அதன் விளக்கவுரை, இரு நாட்டுக்கும் இடையிலான உடன்படிக்கையில் அந்தப் பிரிவு எப்படி மாறியிருக்கிறது என்று மூன்றையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவைத் தாண்டும் நிறுவனக் குழுமங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி என்று 2021-ல் 130-க்கும் மேற்பட்ட நாடுகள் ஒத்துக்கொண்ட ஏற்பாடு வேறு வந்து சேர்ந்திருக்கிறது. பொதுச் சட்ட அறிவை மட்டும் வைத்துக்கொண்டு இதில் நுழைந்தால் திணற வேண்டியதுதான்.

கடல்சார் சட்டத்தை மேலேயே பார்த்தோம். அதற்கு இன்னொரு நல்ல குணம், அது எல்லை தாண்டும். உலகின் எந்த மூலையில் கப்பல் ஓடினாலும் வாடகை ஒப்பந்தத்தில் இங்கிலாந்துச் சட்டம், லண்டனில் ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் வைத்துத் தீர்த்துக்கொள்வது) என்று எழுதியிருப்பது சர்வசாதாரணம். படித்த சட்டம் ஊர் மாறினாலும் கூடவே வரும். மால்டாவில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1988-ல் தொடங்கிய கடல்சார் சட்ட நிறுவனம் இதில் தனி ரகம். அங்கே எல்.எல்.எம். படிக்கிறவர், ஏதாவது ஒரு பன்னாட்டு உடன்படிக்கையைத் தன் நாட்டுச் சட்டமாக்கினால் எப்படி இருக்கும் என்று ஒரு சட்ட வரைவையே எழுதித் தர வேண்டும். இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் விதியிலேயே இருக்கிறது. அரசுத் துறைக்குள் இருப்பவர்களுக்குப் பொருத்தமான இடம். தனியார் வழக்கறிஞர் நிறுவனத்தைக் குறிவைப்பவருக்கு அவ்வளவு அல்ல.

விண்வெளிச் சட்டம் என்றதும் பலருக்குச் சிரிப்பு வரும். மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகம் இதற்கான நிறுவனத்தை 1951-லேயே தொடங்கிவிட்டது; ஸ்புட்னிக் மேலே போனது 1957-ல்தான். ஆனால் அந்த நிறுவனம் முதலில் வான்வழிச் சட்டத்துக்கானது, இன்றும் சோறு போடுவது விமானம்தான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தலைமையகமும் அதே ஊரில் இருக்கிறது. நெதர்லாந்தின் லெய்டனில் படித்தால் பக்கத்திலேயே ஹேக் நகரம்; சர்வதேச நீதிமன்றம், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், நிரந்தர நடுவர் நீதிமன்றம் எல்லாம் அங்கேதான். சிறிய துறைகளில் ஊர் முக்கியம். பாடம் எடுக்க வருகிறவர் பகலில் எந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கிறார் என்பதில் பாதிப் படிப்பு இருக்கிறது.

ஆர்பிட்ரேஷனில் மட்டும் ஒரு எச்சரிக்கை. துறை உண்மையானது, சந்தேகமே இல்லை. 1958-ஆம் வருட நியூயார்க் உடன்படிக்கையில் இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. ஒரு நாட்டில் வாங்கிய நடுவர் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்றலாம். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் 1985 முதல் இதற்கெனத் தனிப் பள்ளியே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், படித்து முடித்ததும் நடுவராக உட்காரலாம் என்ற நினைப்பில் சேருகிறவர்கள் உண்டு. நடுவரைத் தேர்ந்தெடுப்பது வழக்கில் மோதும் இரண்டு தரப்பும்; அவர்கள் பார்ப்பது பல வருடப் பெயரை. புதிதாகப் படித்து வருகிறவருக்குக் கிடைப்பது வழக்கறிஞர் நிறுவனத்தில் ஆவணம் திரட்டும் வேலை, அல்லது ஒரு நடுவர் தீர்ப்பாயத்தின் செயலகத்தில் வேலை. அது மோசமான வேலை அல்ல. ஆனால் அதைத்தான் கேட்டோமா என்று முன்பே யோசிக்க வேண்டும்.

அறிவுசார் சொத்துரிமையிலும் இப்படி ஒரு பொறி. காப்புரிமை விண்ணப்பம் எழுதி வாதாடும் தொழிலுக்கு ஐரோப்பாவிலும் சரி, இந்தியாவிலும் சரி, முதலில் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். எல்.எல்.எம். அந்தக் கதவைத் திறக்காது. வணிகச் சின்னம், காப்புரிமை வழக்கு, உரிம ஒப்பந்தம் இதெல்லாம் வேறு கதை. அதற்கு இந்தப் பட்டம் உதவும்.

வணிகச் சட்டம், கார்ப்பரேட் சட்டம் என்று பெயர் வைத்தவை பெரும்பாலும் பொது எல்.எல்.எம்.தான், போர்டு மட்டும் வேறு. அதில் தவறில்லை.

பட்டம் எந்தக் கணக்கில் வரவாகிறது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். எல்.எல்.எம். வாங்கினால் அந்த நாட்டில் கோட்டு போட்டு நிற்கலாம் என்று நினைப்பது பொதுவான தவறு. இங்கிலாந்தில் 2021-ல் வந்த சொலிசிட்டர் (அங்கே ஒரு வகை வழக்கறிஞர்) தேர்வுக்கு எல்.எல்.எம். கேட்பதே இல்லை. நியூயார்க்கில் நிலைமை வேறு. வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, அமெரிக்க எல்.எல்.எம். இருந்தால்தான் வழக்கறிஞர் தேர்வு எழுத அனுமதி. ஆனால் எந்த எல்.எல்.எம்.மும் செல்லாது. 24 கிரெடிட் வேண்டும். அதில் தொழில் நெறிக்கு 2, சட்ட ஆராய்ச்சியும் எழுத்தும் 2, அமெரிக்கச் சட்ட முறைக்கு 2, தேர்வில் வரும் பாடங்களில் 6 என்று 12 கிரெடிட் முன்கூட்டியே போய்விடுகிறது. மீதி 12-ல் எவ்வளவு தனித்துறை படிக்க முடியும்? வரிச் சட்ட எல்.எல்.எம்.மும் வேண்டும், நியூயார்க் தேர்வும் வேண்டும் என்பவர் சேருவதற்கு முன்னால் பாடப் பட்டியலை இந்தக் கணக்கோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். சேர்ந்த பிறகு பார்த்தால் தலையில் கைவைக்கத்தான் நேரம் இருக்கும்.

ஐ.நா. அமைப்புகளில் தொடக்க நிலைச் சட்ட வேலைக்கு வழக்கமாக முதுநிலைப் பட்டமும் இரண்டு வருட அனுபவமும் கேட்பார்கள். இளநிலை மட்டும் இருந்தால் கூடுதலாக இரண்டு வருட அனுபவத்தைக் காட்டலாம். ஆக, அவர்கள் கணக்கில் ஒரு எல்.எல்.எம். இரண்டு வருட வேலைக்குச் சமம். மனித உரிமைச் சட்டமா, பன்னாட்டுச் சட்டமா என்று தவிப்பவர்களுக்கு இந்த எண் கொஞ்சம் நிதானம் தரும். ஆசிரியர் வேலை என்றால் இந்தியாவில் வழக்கமாக முதுநிலையில் 55 சதவீத மதிப்பெண்ணும் நெட் போன்ற தகுதித் தேர்வும் கேட்பார்கள். துறை எது என்பதைவிடப் பட்டம் அங்கே அங்கீகாரம் பெற்றதா என்பதுதான் முதல் கேள்வி.

எப்போது படிப்பது? கல்லூரி ஆசிரியர் ஆக நினைப்பவர் உடனே படிக்கலாம். மற்றவர்கள் இரண்டு வருடமாவது வேலை பார்த்துவிட்டுப் போவது நல்லது என்பது என் கட்சி. டெமரேஜ் என்ற சொல்லை ஒரு கோப்பிலாவது பார்த்தவனுக்குத்தான் அந்த வகுப்பில் தூக்கம் வராது. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகையும் குறைந்தது இரண்டு வருட அனுபவம், அதாவது 2,800 மணி நேரம், கேட்கிறது. படித்து முடித்ததும் சொந்த நாட்டில் இரண்டு வருடம் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. அதை மறந்துவிட்டு அங்கேயே வேலை தேடக் கனவு காண்பவர்கள் இருக்கிறார்கள்.

ப்ராஸ்பெக்டஸ் வாசிப்பது ஒரு கலை. நாற்பது பாடங்களை அழகாக அடுக்கியிருப்பார்கள்; அடியில் பொடி எழுத்தில் 'எல்லாப் பாடங்களும் எல்லா வருடமும் நடக்காது' என்று இருக்கும். போன வருட டைம்டேபிளை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் ஆசைப்பட்ட மூன்று பாடங்களில் இரண்டு ஒரே நாள், ஒரே நேரத்தில் இருந்தால் அது பட்டியலில் தெரியாது, டைம்டேபிளில் தெரியும். பாடம் எடுப்பவர் நிரந்தர ஆசிரியரா, ஒரு பருவத்துக்கு மட்டும் வந்துபோகிறவரா என்று பாருங்கள். வந்துபோகிறவர் தொழிலில் பழுத்தவராக இருக்கலாம், ஆனால் உங்கள் ஆய்வேட்டை வழிநடத்த அவர் அங்கே இருக்க மாட்டார். ஆய்வேடு என்றால் பல இடங்களில் 10,000 முதல் 15,000 சொற்கள். எல்லாரும் ஒரே பட்டத்தோடு வெளியே வரும்போது, இவருக்கு இந்தத் துறை தெரியும் என்று காட்டக் கையில் இருப்பது அது ஒன்றுதான். அதனால் தலைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதை யார் வழிநடத்த முடியும் என்று தேடி, அப்புறம் பல்கலைக்கழகத்துக்கு வருவதுகூட ஒரு வழி. தலைகீழாகத் தெரிந்தாலும் பலருக்கு இதுதான் சரிப்பட்டிருக்கிறது. பழைய மாணவர்களைப் பிடித்தால் 'படிப்பு எப்படி?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் நன்றாக இருந்தது என்பார்கள். 'முடித்த முதல் வருடம் என்ன வேலை பார்த்தீர்கள்?' என்று கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூனியர் வழக்கறிஞர் என்னிடம் வந்தார். "சார், தொழில்நுட்பச் சட்டம்னே ஒரு எல்.எல்.எம். இருக்கு. எதிர்காலமே அதுலதான்னு எல்லாரும் சொல்றாங்க. சேர்ந்துடவா?" குதிரைக் கதையைச் சொன்னேன். பாடப் பட்டியலை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஆறில் நாலு, எல்லாவற்றையும் தொட்டுத்தொட்டுப் போகிற அறிமுகப் பாடங்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்த பொது எல்.எல்.எம்.மில் ஒப்பந்தச் சட்டம், போட்டிச் சட்டம், தனிநபர் தரவுப் பாதுகாப்பு மூன்றும் முழு நீளப் பாடங்களாக இருந்தன. அவர் இரண்டாவதில் சேர்ந்தார். ஆய்வேடு, ஐரோப்பாவில் 2018-ல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை பற்றி.

இப்போது ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் இருக்கிறார். தரவு கசிந்தது தெரிந்தால், ஆபத்து இருக்கிற பட்சத்தில், 72 மணி நேரத்துக்குள் மேற்பார்வை அமைப்புக்கு அறிவிக்க வேண்டும் என்பது அந்த ஒழுங்குமுறையின் 33-ஆவது பிரிவு. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவருக்கு அப்படி ஒரு அழைப்பு வந்ததாம். "திங்கள்கிழமை பார்க்கலாமே" என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். கப்பலுக்கு ஞாயிறு கணக்கில் வராது, தரவுக்கு வரும். மேலாளரிடம் அவர் அதை எடுத்துச் சொல்லி, சனிக்கிழமை காலையில் அறிவிப்பை அனுப்பிவிட்டார்.